பீளமேட்டுக்குப் பக்கத்தில் பிளேன் விடுகிறவர்களுக்கு

கோயம்புத்தூரில் ஆர்.சி. பிளேன், அதாவது ரிமோட்டில் ஓட்டும் மாதிரி விமானம், விட ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் பிரச்சினை காசு இல்லை, இடம்தான். ஊருக்குக் கிழக்கே பீளமேடு விமான நிலையம். அதற்கும் கிழக்கே காங்கயம்பாளையத்தில் சூலூர் விமானப்படைத் தளம். நேர்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் நடுவே சுமார் 13 கிலோமீட்டர்தான். அந்த இடைவெளியில் சின்னியம்பாளையம், நீலம்பூர், முத்துக்கவுண்டன்புதூர் என்று மேடு பள்ளம் இல்லாத மானாவாரிக் காடுகள் கிடக்கும். பிளேனைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பார்த்ததும் வாய் ஊறும். அவற்றில் ஒன்றில்கூட விடக்கூடாது.

நான் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தபோது பால்சா கட்டை இழைத்து இந்தப் பைத்தியம் பிடித்தது, இன்னும் விடவில்லை. இப்போது காலேஜ் பையன்கள் பிரஷ்லெஸ் மோட்டாருக்கு பேரிங் போட, வளைந்த ஷாஃப்டை மாற்ற என்று பட்டறைக்கு வருவார்கள். வேலை முடிவதற்குள் பேச்சு எப்படியும் "எங்கீங்ணா விடறது?" என்பதில் வந்து நிற்கும். வாய் வலிக்கச் சொல்வதை எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிடுவோம். "நான் டிரோன் விடலீங்க, இது தெர்மகோல் பிளேன்தானே" என்பார்கள். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் ஆள் இல்லாமல் பறக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகின்றன. மாடலுக்கென்று தனியாக ஒரு வரையறையும் அதில் இருக்கிறது: 25 கிலோவுக்கு மிகாமல், படிப்பு, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு இவற்றுக்கு மட்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே ஓட்டுவது. இதனால் கிடைக்கும் சலுகை, டிரோன் கம்பெனிகள் தங்கள் ரகத்துக்கு வாங்க வேண்டிய வகைச் சான்று (டைப் சர்ட்டிபிகேட்) நமக்கு வேண்டாம் என்பது. எங்கே, எவ்வளவு உயரத்தில் விடலாம் என்பதில் சலுகை எதுவும் கிடையாது. 250 கிராமுக்குக் கீழே உள்ள நானோ வகைக்கும் அப்படியே. சின்னது என்பதால் லைசென்ஸ், இன்சூரன்ஸ் தொல்லை இல்லை. ஆனால் விமான நிலைய வட்டத்துக்குள் அதையும் இஷ்டத்துக்கு விட முடியாது.

வட்டத்தை எங்கிருந்து அளப்பது

வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். மஞ்சளில் அந்தப் பகுதியின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஒன்றும் நடக்காது.

விமான நிலையம் என்று வரும்போது இரண்டு எண்களை மனதில் வையுங்கள்: 8, 12. நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே அனுமதி தேவை. 8 முதல் 12 வரை உள்ள வளையத்தில் 200 அடி, அதாவது 60 மீட்டர் வரை பச்சை, அதற்கு மேலே மஞ்சள். 12க்கு வெளியே வேறு தடை எதுவும் குறுக்கே வராவிட்டால் வழக்கமான 120 மீட்டர். இந்த மஞ்சள் வட்டம் முன்பு 45 கிலோமீட்டர் வரை இருந்தது. அந்தக் கணக்கு நீடித்திருந்தால் கோவை மாவட்டத்தில் பொள்ளாச்சிப் பக்கம் போனால்கூட தப்பித்திருக்க முடியாது.

இதில் நிறையப் பேர் சறுக்கும் இடம், அளக்க ஆரம்பிக்கும் புள்ளி. போனில் மேப்பைத் திறந்து "கோயம்புத்தூர் ஏர்போர்ட்" என்று தட்டினால் முனையக் கட்டடத்தில் புள்ளி விழும். அங்கிருந்து 8.5 கிலோமீட்டர் காட்டுகிறது, தப்பித்தோம் என்று கிளம்பிவிடுவார்கள். விதி சொல்வது சுற்றுச்சுவர் எல்லையை. ஓடுதளமே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளம், தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. ஆகவே சிங்காநல்லூர் பக்கம் இருந்தோ சின்னியம்பாளையம் பக்கம் இருந்தோ அளந்தால் சுவர், கட்டடத்தை விட உங்களுக்கு வெகு பக்கத்தில் இருக்கும். விரிவாக்கத்துக்காக 600 ஏக்கருக்கு மேல் நிலம் வேறு எடுத்திருக்கிறார்கள். சுவர் தள்ளிப்போனால் வட்டமும் கூடவே தள்ளிப்போகும். போன வருஷம் சரியாக இருந்த இடம் இந்த வருஷமும் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் ஸ்கேலை வைத்து அளப்பதை விட்டுவிட்டு, டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் இருக்கும் வான்வெளி மேப்பைப் பாருங்கள். கூகுள் மேப்பில் நீங்கள் நிற்கப்போகும் வரப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, கிடைக்கும் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை அந்த வான்வெளி மேப்பில் போட்டுத் தேடினால் என்ன நிறம் என்று தெரிந்துவிடும். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். வளையத்தின் விளிம்பு ஊருக்கு நடுவே ஓடும், ஒரு தோட்டம் மஞ்சளிலும் அடுத்த தோட்டம் பச்சையிலும் இருக்கும்.

மேப்பைத் திறக்கும்முன் சும்மா ஒரு பொதுக்கணக்கு வேண்டுமானால்: காளப்பட்டி, சரவணம்பட்டி, சிங்காநல்லூர், காந்திபுரம், ஏன் என் கணபதியும் மறந்துவிட வேண்டியவை. போத்தனூர்ப் பக்கம் 60 மீட்டர் வளையத்தில் வரும். தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு, அன்னூர் எல்லாம் தூரக்கணக்கில் வெளியே. ஆனால் வெளியே என்றதும் குதிக்க வேண்டாம். மேற்கே போகப் போக வனத்துறை எல்லை வந்துவிடும். யானை நடமாடும் காட்டோரத்தில் பிளேன் விடுவது தனி வம்பு. ஊருக்குள்ளேயே கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணி போல ராணுவ வளாகங்கள் இருக்கின்றன, அவற்றின் சிவப்புப் புள்ளிகள் மேப்பில் தனியாகத் தெரியும். சூலூர் விமானப்படைத் தளம் என்பதால் அதன் வட்டத்தைப் பீளமேட்டுக் கணக்கில் ஊகிக்காதீர்கள். மேப் என்ன சொல்கிறதோ அதுதான்.

இன்னொன்று, தற்காலிகச் சிவப்பு. பெரிய தலைவர் யாராவது ஊருக்கு வந்தால் எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை சிவப்பாக அறிவிக்க முடியும். கொடீசியாவில் மாநாடு, அவினாசி சாலையில் ஊர்வலம் என்ற நாட்களில் இது சகஜம். வெள்ளிக்கிழமை பார்த்த மேப் ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாது. வண்டியை எடுக்கும் காலையில் இன்னொரு தடவை பாருங்கள். பேப்பரில் யார் வருகிறார்கள் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மூன்று டிகிரி

சட்டம் சொல்வதால் மட்டும் கேட்கிற வயதை இந்தப் பையன்கள் தாண்டிவிட்டார்கள், காரணம் கேட்பார்கள். காரணம் ஒரு முக்கோணத்தில் இருக்கிறது.

பயணிகள் விமானம் இறங்கும்போது பொதுவாக 3 டிகிரி சரிவில் வரும். அப்படியானால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 52 மீட்டர் இறங்குகிறது. ஓடுதள முனையைத் தாண்டும்போது தரையிலிருந்து 15 மீட்டர் போல உயரம் இருக்கும். இதை வைத்துத் திருப்பிக் கணக்குப் போடுங்கள். முனையிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி அது 67 மீட்டரில் வரும். 2 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 120 மீட்டர். அதாவது "400 அடி வரை ஃப்ரீதானுங்ணா" என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் அதே உயரம்.

5 கிலோமீட்டர் தள்ளி சுமார் 275 மீட்டர், 8 கிலோமீட்டரில் 430 மீட்டருக்கு மேல். "அப்போ அங்க நாம 100 மீட்டர்ல விட்டா எங்கீங்ணா மோதும்?" இதை ஒருத்தன் கேட்டான், நல்ல கேள்வி. எல்லா விமானமும் நேராக வந்து அழகாக இறங்குவதில்லை. இறங்க வந்து மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவது உண்டு. சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள் இருக்கின்றன, சாரங் ஹெலிகாப்டர் அணிக்கும் அதுதான் வீடு. அவர்கள் பயிற்சி எடுக்கும் விதத்துக்கும் நம் முக்கோணத்துக்கும் சம்பந்தமில்லை. சூலூரிலிருந்து வெலிங்டன் பக்கம் ஹெலிகாப்டர்கள் போய் வருவதும் வழக்கம்தான். ஹெலிகாப்டருக்கு 3 டிகிரியும் கிடையாது, ஓடுதளமும் தேவையில்லை.

விமானி பார்த்து விலகிக்கொள்வார் என்று நம்பாதீர்கள். இறங்கும் விமானத்தின் வேகம் நொடிக்கு 70 மீட்டர் போல இருக்கும். ஒன்றேகால் மீட்டர் இறக்கை உள்ள வெள்ளை ஃபோம் பிளேன் அவர் கண்ணில் 300 மீட்டரில் பட்டால்கூட மிச்சம் 4 நொடி. அந்த நேரத்தில் அவர் பார்த்துக்கொண்டிருப்பது ஓடுதளத்தை. சட்டமும் இதை நம் தலையில்தான் வைக்கிறது. ஆள் இருக்கும் விமானத்துக்கே எப்போதும் வழி, விலக வேண்டியவர்கள் நாம்.

ஃபோம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்பதற்கும் பதில் இருக்கிறது. ஃபோம் நொறுங்கிப் போகும், சரி. உள்ளே இருக்கும் மோட்டார் இரும்பும் செம்பும். லித்தியம் பேட்டரி செங்கல் போல ஒரு கட்டி. 2018இல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு கிலோ போல எடையுள்ள குவாட்காப்டரைச் சிறிய விமானத்தின் இறக்கையில் வேகமாக மோதவிட்டுப் பார்த்தார்கள். அது இறக்கையின் முன் விளிம்பைக் கிழித்து உள்ளே போய், இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தையே சேதப்படுத்தியது. ஆய்வகத்துக்கு வெளியிலும் நடந்திருக்கிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயின்போது தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் ஒரு சின்ன டிரோன் மோதி ஓட்டை போட்டது. விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. ஓட்டியவர் மோத வேண்டும் என்று விட்டவர் இல்லை. டிரோன் தூரமாகப் போய் அவர் கண்ணை விட்டே மறைந்திருந்தது.

கை மீறினால் எங்கே போகும்

எனக்கு முக்கியமாகப்படுவது இதுதான். நீங்கள் எங்கே பறக்க நினைக்கிறீர்கள் என்பது பாதி விஷயம். சிக்னல் போனால் உங்கள் பிளேன் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போகும்? விமான நிலையம் உள்ள ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் பிளேனை வண்டியில் ஏற்றக்கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் சாதாரண டிரெய்னர், பேட்டரியில் இன்னும் 10 நிமிடம் இருக்கிறது. காற்றே இல்லாவிட்டால் 8 கிலோமீட்டருக்கு மேல் போகும். பின்னாலிருந்து 30 கிலோமீட்டர் காற்று தள்ளினால் 13.

நம் ஊரில் அந்தக் காற்று எங்கிருந்து வரும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வைகாசி கடைசியில் ஆரம்பித்து ஆடி, ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். விமான நிலையத்துக்குப் பயந்து மேற்கே பேரூர், வடவள்ளி என்று தள்ளிப் போய் விடுகிறீர்கள் அல்லவா, அந்த மாதங்களில் காற்று தள்ளிக்கொண்டு போகும் திசையில், நேர் கிழக்கே இருப்பது பீளமேடு. பேரூரிலிருந்து தூரம் 15 கிலோமீட்டர் போல. மேலே போட்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். கிளைடர் விடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். வெப்பக் காற்றுத் தூண் கிடைத்துவிட்டால் மோட்டார் இல்லாமலே ஏறிக்கொண்டும் கிழக்கே நகர்ந்துகொண்டும் இருக்கும், ஓட்டுகிறவனுக்கு ஆனந்தத்தில் தூரம் தெரியாது. ஆடிக் காற்றில் நான் மேற்குப் பக்கம் விடுவதில்லை. தெற்கே கிணத்துக்கடவுப் பக்கம் போய்விடுவேன். அங்கிருந்து காற்று தள்ளினால் சுல்தான்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குத்தான் போகும்.

அடுத்தது ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்று நாம் முன்கூட்டியே சொல்லி வைப்பது. சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். முக்கால் த்ராட்டிலில், அதாவது மோட்டார் முக்கால் வேகத்தில் ஓடும்போது, சிக்னல் போனால் முக்கால் த்ராட்டிலிலேயே போய்க்கொண்டிருக்கும். நம் பையன்களில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட்டில் ஃபெயில்சேஃப் தானாக அமைந்திருக்காது. ரிசீவர் செட்டப் மெனுவில் போய், த்ராட்டில் சேனலுக்கு அடிமட்ட அளவை நாம்தான் போட வேண்டும். ஜி.பி.எஸ்., கைரோ எதுவும் இல்லாத பிளேனாக இருந்தால் வாலில் திசை திருப்பும் ரட்டரையும் ஒரு பக்கம் லேசாகத் திருப்பி வைத்துவிடுங்கள். மோட்டார் நின்று, அதே இடத்தில் சுற்றிச் சுற்றி இறங்கும். உடையலாம். ஆனால் உங்கள் கண் முன்னால், பக்கத்துக் காட்டில் உடையும்.

அமைத்ததோடு விட்டுவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றுங்கள். இதில் சோம்பேறித்தனம் கூடாது, விரல் போய்விடும். ரிமோட், பிறகு பிளேன் என்ற வரிசையில் ஆன் செய்து, த்ராட்டிலைப் பாதி ஏற்றி, மோட்டார் ஓடும்போதே ரிமோட்டை அணையுங்கள். ஓரிரு நொடியில் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காத பிளேன் அன்றைக்குப் பறக்காது.

ஆட்டோபைலட் வைத்திருப்பவர்கள் "எங்களுக்குத்தான் தானா வீடு திரும்புமே" என்பார்கள். சிக்னல் போனால் கிளம்பிய இடத்துக்கே பிளேன் தானாக வந்துவிடும் என்று அர்த்தம். அங்கேதான் ஒரு குழி. போன ஆடிக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாம் வருஷப் பையன் ஒருத்தன் ஆர்டுபைலட் என்ற ஆட்டோபைலட் மென்பொருள் போட்ட ஒரு விங்கை (வால் இல்லாத இறக்கை பிளேனை) கொண்டுவந்தான். போத்தனூருக்குத் தெற்கே ஒரு காடு பார்த்து வைத்திருந்தான், மேப்பில் 60 மீட்டர் வளையம். வேலை சுத்தமாக இருந்தது, ஒயரெல்லாம் டேப் ஒட்டி அழகாக இருந்தது. லேப்டாப்பில் அதன் அமைப்புகளைக் காட்டும் மிஷன் பிளானரைத் திறந்து வீடு திரும்பும் உயரத்தைப் பார்த்தோம். 100 மீட்டர். மென்பொருள் வரும்போதே அப்படித்தான் வரும், அவன் தொடவில்லை.

"நான் 50க்கு மேல போகவே மாட்டேனுங்ணா."

"நீ போக மாட்டே கண்ணு. சிக்னல் போச்சுன்னா அதுவே 100க்கு ஏறும்."

வீடு திரும்பும் உயரத்தை 40 மீட்டர் ஆக்கினோம். அந்தக் காட்டைச் சுற்றி இருப்பது தென்னையும் ஒரு செல்போன் டவரும். டவர்கள் பொதுவாக 30, 40 மீட்டர் உயரம் என்பதால், டவர் இல்லாத பக்கமாகப் பறக்கும் இடத்தை நகர்த்தினோம். அப்புறம் வேலி. அந்த மென்பொருளில் கண்ணுக்குத் தெரியாத வேலி போடும் வசதி உண்டு, ஆனால் அதுவும் நாம் ஆன் செய்தால்தான் வேலை செய்யும். உச்ச உயரம் 55 மீட்டர், ஆரம் 200 மீட்டர் என்று போட்டுக் கொடுத்தேன். ஐநாவ் போன்ற வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களும் இதே இரண்டு எண்களைத் தேடிப் பிடியுங்கள். எந்தக் கம்பெனிக்காரனுக்கும் உங்கள் ஊர் விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

60 மீட்டரைக் கண்ணால் மதிப்பிடுவது கஷ்டம். கண் ஏமாற்றிவிடும். டெலிமெட்ரியில், அதாவது பறக்கும்போதே ரிமோட்டுக்கு, உயரம் சொல்லும் ரிசீவர் வாங்குங்கள், இல்லாவிட்டால் சின்ன உயரமானி ஒன்றைப் பிளேனில் வைத்து, இறங்கியதும் உச்ச உயரம் எவ்வளவு என்று பாருங்கள். சில வாரத்தில் கண் பழகிவிடும்.

ரிமோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்ட தூரம் போகும் என்று 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலை வாங்கி மாட்டுகிறார்கள். அது அமெரிக்காவுக்கான அலைவரிசை. இங்கே லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த விட்டிருப்பது 865 முதல் 868 வரை. 915ஐ ஒட்டிய பகுதி இங்கே செல்போன் நிறுவனங்களுடையது. கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸே தாராளம். அதற்கு மேல் எட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் நீங்கள் ஏற்கெனவே மாடல் என்ற வரையறையை விட்டு வெளியே போய்விட்டீர்கள். எஃப்.பி.வி. கண்ணாடி போட்டுக்கொண்டு கேமரா வழியாகப் பார்ப்பதும் கண்ணால் பார்ப்பதாக ஆகாது.

காட்டில் நின்றபின்

தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவர் வேண்டும், அவருக்கு வேலை உங்கள் பிளேனைப் பார்ப்பது அல்ல. வானத்தைப் பார்ப்பது, காதைத் திறந்து வைத்திருப்பது. நண்பனைக் கூட்டிப் போனால் அவனும் உங்கள் பிளேனையேதான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். எனவே அவனைப் பிளேனுக்கு முதுகு காட்டி நிற்கவைப்பது என் பழக்கம். ஹெலிகாப்டர் சத்தம் கண்ணில் தெரிவதற்கு முன்பே காதில் விழும். கேட்டதும் "இறக்கு" என்று ஒரே சொல். எங்கே, எந்தப் பக்கம் என்ற விசாரணை எல்லாம் அப்புறம்.

இறக்குவது என்றால் த்ராட்டிலை முழுக்க மூடி, உங்களுக்குப் பக்கத்திலேயே இறுக்கமாகச் சுற்றிக் கீழே வருவது. அழகாகத் தரையிறக்க நேரம் இல்லை என்று பட்டால் அப்படியே மண்ணில் சொருகிவிடுங்கள். ஃபோம் போர்டு ஒரு ஷீட் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

காற்றை வைத்து நிற்கும் இடத்தைத் தீர்மானியுங்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் நிறைய வெற்றிடம் இருக்க வேண்டும், பறப்பது முழுக்க உங்களுக்குக் காற்று வரும் பக்கமே நடக்க வேண்டும். தோட்டக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாடு மிரளும், கோழி மிரளும் என்று அவர் சொன்னால் அதுவும் நியாயம்தான்.

காகிதங்கள் பற்றிச் சுருக்கமாக. பிளேனுக்குத் தனி அடையாள எண் வாங்க வேண்டும். நானோ தவிர மற்றதற்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். பொழுதுபோக்குக்கு 2 கிலோ வரை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், அதற்கு மேல் வேண்டும். பழைய 40 சைஸ் க்ளோ எஞ்சின் டிரெய்னர் வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டும், அவை எரிபொருளோடு நிறுத்தால் பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டும். விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

மஞ்சளில் அனுமதி வாங்கி விடலாமே என்று கேட்பவர்களுக்கு: வழி இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்காக அதைத் தேடிப் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. காலேஜ் போட்டி, கண்காட்சி என்றால் பிரின்சிபால் கையெழுத்தோடு பல வாரம் முன்பே ஆரம்பியுங்கள், உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனிலும் எழுத்தில் சொல்லி வையுங்கள். மற்றவர்களுக்கு அதை விட நல்ல வழிகள் இருக்கின்றன. பீளமேட்டிலேயே இருந்துகொண்டு பழக வேண்டுமானால் காலேஜ் உள்விளையாட்டரங்கில் 30, 40 கிராம் ஃபோம் பிளேன்களை விடலாம். கூரைக்குக் கீழே எந்த விமானமும் வரப்போவதில்லை. 60 மீட்டர் வளையத்தில் நிம்மதியாக இருக்க வேண்டுமானால் கன்ட்ரோல் லைன். நாங்கள் என்.சி.சி.யில் பழகியது அதுதான். 15, 20 மீட்டர் எஃகுக் கம்பி இரண்டு, கையில் ஒரு பிடி, நீங்கள் நடுவில் நின்று சுற்ற, பிளேன் உங்களைச் சுற்றும். கம்பியின் நீளத்தைத் தாண்டி உயரமும் போகாது, தூரமும் போகாது. மின்கம்பி அருகில் மட்டும் கூடவே கூடாது, கையில் இருப்பது எஃகு. பையன்களுக்கு முதலில் தலை சுற்றும், பிறகு விடமாட்டார்கள்.

பிளேன் ஓடிப்போய்விட்டால்

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு நாள் போய்விடலாம். அதற்கும் ஏற்பாட்டோடு இருங்கள். பிளேனின் உள்பக்கம் உங்கள் பெயரும் போன் நம்பரும் அழியாத மையில் இருக்கட்டும். விமான நிலையத்தின் தொலைபேசி எண்ணை வீட்டிலேயே தேடிப் போனில் சேமித்து வையுங்கள், காட்டில் நின்று தேடும்போது சிக்னல் இருக்காது.

பிளேன் நிலையத்தின் பக்கமாகப் போகிறது என்று தெரிந்த உடனே முதல் வேலை மணியைப் பார்ப்பது. பிறகு போன். நிலையத்தில் யாரும் எடுக்காவிட்டால் 112. சொல்ல வேண்டியவை: எங்கே நிற்கிறீர்கள், எத்தனை மணிக்குக் கட்டுப்பாடு போனது, எந்தத் திசையில் போகிறது, கடைசியாகத் தெரிந்த உயரம், நிறம், இறக்கை நீளம், எடை, பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும். இந்தக் கடைசி எண் மிக முக்கியம். எவ்வளவு நேரம் கவனமாக இருக்க வேண்டும், விமானங்களை நிறுத்திவைக்க வேண்டுமா என்று அவர்கள் முடிவெடுக்க அது உதவும். ஆகவே பறக்கவிட்ட நேரத்தை ஒவ்வொரு தடவையும் குறித்து வைக்கும் வேலையையும் அந்த முதுகு காட்டி நிற்கும் நண்பனிடமே கொடுத்துவிடுங்கள்.

திட்டு விழும், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று பயந்து சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. பிளேனில் உங்கள் நம்பர் இருக்கிறது, கூப்பிடத்தான் போகிறார்கள். எங்காவது மோதிச் சேதமோ காயமோ ஆகியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

பிளேன் சுவரைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தால் மட்டும் தேடிப் போகாதீர்கள். சுவர் ஏறுவது, வேலியில் கம்பு விட்டுத் துழாவுவது எதுவும் வேண்டாம். உள்ளே காவலுக்கு மத்தியப் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். இருக்கிறது. வாசலுக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, என்ன விழுந்தது, எங்கே விழுந்திருக்கும், அதில் லித்தியம் பேட்டரி இருக்கிறது, நசுங்கியிருந்தால் தீப்பிடிக்கும் என்று சொல்லுங்கள். எடுத்துத் தருவதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு.